அழித்து எழுதிய அளவு

மூன்று நாளாக அளவுக்காரர் வீட்டில் ஆற்றைத் தவிர வேறு பேச்சில்லை. பல் தேய்க்கும்போது ஆறு, சாப்பிடும்போது ஆறு, செருப்பைத் தேடும்போதும் ஆறு. பேசப்போகிற பேச்சு அவருக்கு மனப்பாடம் ஆனதோ இல்லையோ, அவர் மனைவிக்கு ஆகிவிட்டது. குளியலறைக்குள் நின்று, "மாணவ மாணவியரே, ஒரு ஆற்றின் நீர்மட்டம் என்பது..." என்று ஆரம்பித்து அவர் முழித்தால், அடுப்படியிலிருந்தே "அந்த ஊரின் நாடித்துடிப்பு" என்று எடுத்துக்கொடுத்தாள்.

"பிள்ளைங்க கொட்டாவி விடப்போறாங்க, பார்த்துக்கங்க," என்றாள்.

"என் வேலையைப் பத்திக் கேக்க முப்பது பேர் வராங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர் வந்தாங்களா?"

"நான் ஒருத்தி தினமும் கேட்டுட்டுத்தான இருக்கேன்."

அளவுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். பழைய பாலத்தின் தூணை ஒட்டி ஆற்றுக்குள் இறங்கி நிற்கிற இரும்புக் கம்பம் ஒன்று உண்டு. அதில் செண்டிமீட்டர் கோடு போட்ட வெள்ளைப் பலகை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கரைப்படியில் நின்று, தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, புத்தகத்தில் எழுதி, நீர்வள அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்வது அவர் உத்தியோகம். பூ, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பலகையில் தண்ணீர் மூன்று மீட்டரைத் தொட்டால் சங்கு ஊதுவார்கள். கீழ்த்தெருவின் அறுபது வீட்டுக்காரர்களும் பிள்ளைகுட்டிகளோடு மேட்டுக்கு ஏற வேண்டும். அந்த அறுபது வீடும் இவர் கண்ணை நம்பித்தான் தூங்குகின்றன. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு வேளை தவறியதில்லை. மகள் பிறந்த அன்று காலையில்கூட ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதை மனைவி இன்னும் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் அவளுக்கு இல்லை.

அந்த மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதற்கும் வாதாடுவாள். அரை மதிப்பெண் குறைந்தால் வாத்தியாரைப் பிடித்துக்கொள்வாள். அதுகூடப் பரவாயில்லை, ஒருமுறை அரை மதிப்பெண் கூடுதலாக விழுந்ததற்கும் போய் நின்று, "இது எனக்கு வரக்கூடாது சார்" என்று கழித்துக்கொண்டு வந்தவள். கணக்கைக்கூடப் பேனாவில்தான் போடுவாள். "அழிக்கிற மாதிரி எழுதினாத்தான ரப்பர் வேணும்" என்பாள். இந்தத் திமிர் யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும்.

பள்ளியில் வருடத்துக்கு மூன்று நாள் வெளிப்பாட நாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், கையால் தொட்டு, காலால் நடந்து படிக்கவைக்கிற நாள். பெற்றோரில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. பரீட்சையில் வராத பாடத்துக்கு வெயிலில் எதற்கு அலைய வேண்டும் என்று முணுமுணுப்பார்கள். புவியியல் வாத்தியார்தான் ஒற்றைக்காலில் நின்று அதை விடாமல் நடத்திவந்தார். இந்தத் தடவை ஆற்றுப் பாலம், அளவுக்காரர் விளக்குவார் என்று அவர் வந்து சொன்னதும், நம்ம மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஆற்றில் பாலத்துக்குப் பாலம் அளவு பார்க்கிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு ஒருவரைத் தலைமை ஆளாகப் போடப்போகிறார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மாணவர்கள் வருகிற நாளில் தானும் வருவதாக அலுவலகத்து இன்ஜினியர் அம்மாவே சொல்லியனுப்பியிருந்தார். சும்மா வருவாரா?

*

பத்து மணிக்குப் பிள்ளைகள் வரிசையாகப் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு அட்டை, பென்சில். ஆற்றோரத்தில் பேனா மை கரைந்துவிடும் என்று வாத்தியார் பேனாவைத் தடுத்திருந்தார். வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவள் பென்சிலைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் கண்ணால் மட்டும் சிரித்தாள். கூட்டத்தில் அப்பாவைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வது அந்த வயதில் கௌரவக் குறைச்சல் அல்லவா?

இன்ஜினியர் அம்மாவின் ஜீப்பும் வந்தது. அவர் இறங்கி ஓரமாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் இருக்கேன்னு பார்க்காதீங்க, அளவுக்காரரே. நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

வாத்தியார் வேலையைச் சொன்னார். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறது. அந்தக் குமிழிலிருந்து பலகையின் பூஜ்யக் கோடு வரை சரியாக ஆறு மீட்டர் இருபது செண்டிமீட்டர். பாலம் கட்டிய நாளிலிருந்து அது மாறாத கணக்கு. ஐந்து குழுவும் குமிழிலிருந்து குண்டு கட்டிய டேப்பைத் தண்ணீர் வரைக்கும் இறக்கி அளக்க வேண்டும். ஆறு இருபதிலிருந்து அதைக் கழித்தால் இன்றைய நீர்மட்டம். பலகையைப் பார்க்காமலே மட்டத்தைக் கண்டுபிடிக்கிறீர்களா என்று பார்க்கலாம், பலகை காட்டுவதை முடிவில் சொல்கிறேன் என்று வாத்தியார் கண்ணைச் சிமிட்டினார்.

இங்கேதான் நம்ம மனிதரின் வாய் அவருக்கே எதிரியானது. அவர் முறை வந்ததும் நாடித்துடிப்பெல்லாம் சரளமாக வந்தது. ஒரு பிள்ளை கொட்டாவி விடவில்லை. இன்ஜினியர் அம்மாகூடத் தலையாட்டினார். அந்தக் குஷியில், "இன்னைக்குக் காலையில பார்த்தேன், இப்பவும் பார்த்தேன், அதே ஒன்னு நாப்பத்திரண்டு. ஒரு மீட்டர் நாப்பத்திரண்டு செண்டிமீட்டர். வேணும்னா யாரு வேணாலும் அளந்து பாருங்க. இருபத்திரண்டு வருஷமா இந்தப் பலகை பொய் சொன்னதில்ல," என்று போட்டு உடைத்துவிட்டார்.

வாத்தியார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "சார், அதைத்தான் கடைசியில சொல்லலாம்னு..."

"ஐயோ, சொல்லக்கூடாதா?" என்றார் அளவுக்காரர். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சரி போகட்டும் என்று டேப்பை இறக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு மணி நேரம் பாலத்தில் ஒரே களேபரம். காற்றில் டேப் ஆடுகிறது, ஒருத்தி கைப்பிடிச் சுவரில் படுத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறாள், குண்டு தண்ணீரைத் தொட்டதா இல்லையா என்று இன்னொருவனோடு சண்டை. வக்கீலும் அவள் தோழி நெட்டையும் இன்னும் நாலு பேரும் ஐந்தாவது குழு. மகள் டேப்பைப் பிடித்திருந்த அழகைத் தூரத்திலிருந்து பார்த்து அளவுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கை ஆடவில்லை. கண் டேப்பைவிட்டு அசையவில்லை. நம்ம ரத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

முடிவில் வாத்தியார் ஐந்து தாளையும் வாங்கிப் படித்தார். முதல் குழு, ஒன்று நாற்பத்திரண்டு. இரண்டாவது, ஒன்று நாற்பத்தொன்று. மூன்றாவது, ஒன்று நாற்பத்திமூன்று. நான்காவது, ஒன்று நாற்பத்திரண்டு. ஐந்தாவது, ஒன்று நாற்பத்திரண்டு.

இன்ஜினியர் அம்மா கை தட்டினார். "பிரமாதம். எங்க ஆபீஸ்ல ஆள் வச்சு அளந்தாக்கூட இவ்வளவு நெருக்கமா வராது. பிள்ளைங்களும் கெட்டி, பலகையும் கெட்டி." பிறகு அளவுக்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "அந்தத் தலைமை ஆள் விஷயம் உங்க காதுக்கு வந்திருக்கும். அடுத்த வாரம் ஒருநாள் ஆபீசுக்கு வாங்க, பேசலாம்."

அளவுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பிஸ்கட்டும் டீயும் கொடுக்கிற இடைவேளையில் வாத்தியாரிடம் போய், "ஐந்தாவது குழுத் தாளை நான் வச்சுக்கட்டுமா சார்? வீட்ல காட்டணும்," என்று வாங்கிக்கொண்டார். மகளின் கையெழுத்தை ஆசையோடு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

தாள் ஓர் இடத்தில் தேய்ந்து மெலிந்திருந்தது.

ரப்பர் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். அவர் மகளா அழித்து எழுதினாள்? அதுவே அவருக்குப் புதிராக இருந்தது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் பழைய பென்சில் பதிந்த தடம் தெரிந்தது. முதல் அளவு நான்கு மீட்டர் அறுபத்தெட்டு. இரண்டாவது, நான்கு அறுபத்தெட்டு. மூன்றாவது, அதே நான்கு அறுபத்தெட்டு. மூன்றையும் அழித்துவிட்டு மேலே நான்கு எழுபத்தெட்டு என்று எழுதியிருந்தாள். ஆறு இருபதில் நான்கு அறுபத்தெட்டைக் கழித்தால் ஒன்று ஐம்பத்திரண்டு வரும். அதையும் அழித்து ஒன்று நாற்பத்திரண்டு ஆக்கியிருந்தாள்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. சரியாக அளக்கத் தெரியாமல் தப்பாக அளந்துவிட்டு, விடையைப் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். இதற்கா இவ்வளவு பெருமைப்பட்டோம்? ஆனால் மூன்று தடவை அளந்து மூன்று தடவையும் ஒரே எண் வருவது எப்படித் தப்பாகும் என்கிற கேள்வி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பிள்ளைகள் எல்லோரும் மரத்தடியில் இருந்தார்கள். பாலம் காலி. அவர் போய் டேப்பை எடுத்தார். பித்தளைக் குமிழில் வைத்து இறக்கினார். குண்டு தண்ணீரைத் தொட்டது.

நான்கு அறுபத்தெட்டு.

சுருட்டினார், மறுபடி இறக்கினார். ஆறு அவருக்காக ஒரு கோடுகூட மாற்றிக்கொள்ளவில்லை.

எட்டிக் கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தைத் தூணோடு பிடிக்கிற இரண்டு போல்ட்டுகள். கம்பத்தில் பத்து செண்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை. போல்ட் எந்த ஓட்டையில் இருக்க வேண்டுமோ அதற்கு அடுத்த ஓட்டையில் இருந்தது. கம்பம் ஓர் ஓட்டை மேலே ஏறி நின்றது. அதாவது பலகை பத்து செண்டிமீட்டர் குறைத்துக் காட்டுகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் வெள்ளம் வடிந்தபோது மிதந்துவந்த மரம் ஒன்று மோதிக் கம்பம் வளைந்துபோனது. புதுக் கம்பத்தை மாட்டியது அவரேதான். தூறல், இருட்டிக்கொண்டு வருகிறது, கூட வந்த ஆள் வீட்டுக்குப் போகத் துடிக்கிறான். மாட்டி முடித்ததும் குமிழிலிருந்து டேப்பை இறக்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நம்ம கை மாட்டியதற்கு டேப் வேறு எதற்கு என்று, இறக்காமலே புத்தகத்தில் 'சரிபார்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எட்டு மாதம், காலையும் மாலையும், ஒரு வேளை தவறாமல், தப்பான எண்ணைத் திருத்தமான கையெழுத்தில் எழுதிவந்திருக்கிறார். நல்லவேளை, இதுவரை மழையில்லை. அடுத்த மாதம் மழைக்காலம். பலகை மூன்று மீட்டர் காட்டுகிறபோது ஆறு மூன்று பத்தில் இருக்கும். கீழ்த்தெருவில் தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகு சங்கு ஊதியிருப்பார்கள்.

"அப்பா."

மகள் பின்னால் நின்றிருந்தாள். அவர் கையில் இருந்த டேப்பைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காத்துல ஆடிடுச்சுப்பா. அதான் முதல்ல தப்பா வந்துச்சு," என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லவே வராது. இத்தனை வருடம் பழகாததால் வாய் குழறியது.

"எத்தனை தடவை அளந்தே?"

"மூணு."

"மூணு தடவையும் காத்து ஒரே மாதிரியா ஆடுச்சு?"

அவள் கைப்பிடிச் சுவரின் குமிழை விரலால் தேய்த்தாள்.

"அப்ப எதுக்கும்மா அழிச்சே?"

"நீங்க முதல்லயே சொல்லிட்டீங்க, ஒன்னு நாப்பத்திரண்டுன்னு. இன்ஜினியர் மேடம் வேற நிக்கறாங்க. வேற நம்பர் சொன்னா எல்லார் முன்னாடியும் உங்களைத்தான கேப்பாங்க?" குரலை இறக்கினாள். "யார்கிட்டயும் சொல்லலப்பா. கம்பம் ஓர் ஓட்டை ஏறி நிக்கறது நெட்டைக்கு மட்டும்தான் தெரியும், அவ வாயைத் திறக்க மாட்டா. எல்லாரும் போனதுக்கப்புறம் நீங்க போல்ட்டைக் கழட்டிச் சரியா மாட்டிடுங்க. யாருக்கும் தெரியாது."

செய்யலாம்தான். ஒரு ஸ்பேனர், அரை மணி நேரம். நாளைக்குக் காலையில் புத்தகத்தில் பத்து செண்டிமீட்டர் கூடி வந்தால், மேலே எங்கேயாவது மழை பெய்திருக்கும் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் போய்த் தலைமை ஆள் நாற்காலியில் உட்காரலாம். அளவுக்காரர் ஒரு நிமிடம் அதை நினைத்துப் பார்த்தார் என்பதை மறைப்பானேன்? நினைத்தார். அவரும் மனிதர்தானே.

ஆனால் எதிரே நிற்கிறது யார்? அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள். அவள் இவருக்காகத் தன் கையால் அளந்ததைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள். பலகை பொய் சொன்னதுகூட அவரை அவ்வளவு சுடவில்லை, இது சுட்டது. தன் பெயரைக் காப்பாற்ற மகளைப் பொய் சொல்ல வைத்த அப்பனாகிவிட்டோமே என்று நினைத்தபடி டேப்பைச் சுருட்டினார்.

"நீ அளந்தது சரி," என்றார். "நான் மாட்டினதுதான் தப்பு. வா."

"அப்பா, வேணாம்ப்பா."

"வா, சொல்றேன்."

*

மரத்தடியில் வாத்தியார் அடுத்த வேலையை விளக்கிக்கொண்டிருந்தார். அளவுக்காரர் நேராக நடுவில் போய் நின்றார். மூன்று நாள் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வரிகூட இதற்கு உதவவில்லை.

"மேடம், சார், ஒரு நிமிஷம். நான் காலையில சொன்னது தப்பு. இன்னைக்கு நீர்மட்டம் ஒன்னு நாப்பத்திரண்டு இல்ல, ஒன்னு அம்பத்திரண்டு. எட்டு மாசத்துக்கு முன்னாடி கம்பத்தை மாட்டுறப்ப ஓர் ஓட்டை மேல மாட்டிட்டேன். சரிபார்க்காமலே சரிபார்த்ததா எழுதிட்டேன். அன்னையிலேருந்து நான் எழுதினது எல்லாமே பத்து செண்டிமீட்டர் குறைச்சல்." மூச்சு வாங்கினார். "ஐந்தாவது குழு சரியா அளந்திருக்காங்க. மூணு தடவை அளந்து மூணு தடவையும் சரியா வந்திருக்கு. நான் முந்திக்கிட்டு நம்பரைச் சொன்னதால அழிச்சு மாத்திட்டாங்க. அவங்க முதல்ல எழுதினதைத்தான் கணக்குல எடுத்துக்கணும்."

இன்ஜினியர் அம்மாவின் முகம் மாறியது. டீக் கோப்பையைக் கீழே வைத்தார். வாத்தியார் மற்ற நான்கு தாளையும் புரட்டினார். "ஆனா மத்த நாலு குழுவுக்கும் ஒன்னு நாப்பத்திரண்டுதான வந்திருக்கு? நாலு பேரும் எப்படித் தப்பா அளப்பாங்க?"

கூட்டத்தில் ஒரு பையன் நெளிந்தான். இரண்டாவது குழுத் தலைவன். காதைச் சொறிந்துகொண்டே எழுந்தான்.

"சார், எங்களுக்கும் முதல்ல ஒன்னு அம்பத்திரண்டுதான் சார் வந்துச்சு."

"என்னது?"

"அளவுக்கார அங்கிள் நாப்பத்திரண்டுன்னு சொன்னாரா, நாங்கதான் தப்பா அளந்துட்டோம்னு நினைச்சோம். அதே நம்பர் போட்டா காப்பின்னு தெரிஞ்சிடும்னு நாப்பத்தொன்னுன்னு போட்டோம்."

"எங்களுக்கு அம்பத்திமூணு வந்துச்சு சார்," என்றாள் மூன்றாவது குழுவிலிருந்து ஒருத்தி. "பத்தைக் கழிச்சுட்டோம்."

முதல் குழு, நான்காவது குழு, எல்லாம் வரிசையாக எழுந்து ஒத்துக்கொண்டன. ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு. ஐந்து குழுவும் சரியாக அளந்திருக்கிறார்கள், ஐந்து குழுவும் கமுக்கமாகத் திருத்தியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் விடையைத் தெரிந்துகொண்டு, அளவைப் பின்னாலிருந்து முன்னால் போட்டு வருகிற பழைய பழக்கம். எந்தப் பள்ளிப் பிள்ளைக்குத்தான் அது தெரியாது? வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

அளவுக்காரர் அந்த முப்பது முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவ்வளவு பேரும் தங்கள் கையையும் கண்ணையும் நம்பாமல் அவரை நம்பியிருக்கிறார்கள். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம், காற்றில் ஆடுகிற டேப்பை வைத்துக்கொண்டு, ஒரு செண்டிமீட்டர் முன்னே பின்னே, ஐந்து குழுவும் அடித்துவைத்த மாதிரி அளந்திருக்கிறார்களே என்று அவரையும் மீறிப் பெருமை பொங்கியது.

"அளவுக்காரரே," என்றார் இன்ஜினியர் அம்மா. "இதை நான் இப்படியே விட முடியாது. மெமோ வரும். எட்டு மாசப் புத்தகத்தையும் பத்து பத்தா கூட்டித் திருத்தி எழுதணும். அந்தத் தலைமை ஆள் பேச்சை இப்போதைக்கு எடுக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"மழைக்கு முன்னாடி தெரிஞ்சுதே, அது போதும். யாரு கண்டுபிடிச்சா இதை?"

அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அளவுக்காரர் குரல் உடைந்தாலும் பரவாயில்லை என்று சத்தமாகவே சொன்னார். "என் பொண்ணு மேடம்."

முப்பது பேர் முன்னால் அப்பாவைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதவள், அப்போது வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வாத்தியார் சுதாரித்துக்கொண்டார். கையில் இருந்த வேலைத்தாளை மடித்துப் பைக்குள் போட்டார். "அடுத்த வேலையை மறந்துடுங்க. இன்னைக்குப் பாடம் இதுதான். கம்பத்தை இறக்கி மாட்டப்போறாங்க, நாம மேலேயிருந்து சரிபார்க்கப்போறோம். விடையை இந்தத் தடவை யாரும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. சார், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ஜீப்பிலிருந்து ஸ்பேனரும் கயிறும் வந்தன. அளவுக்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தூணில் பதித்த இரும்புப் படிகளில் இறங்கினார். டிரைவர் மேலிருந்து கம்பத்தின் பாரத்தைப் பிடித்துக்கொள்ள, துரு ஏறிய முதல் போல்ட் கால் மணி நேரம் முரண்டு பிடித்தது. இரண்டாவது அவ்வளவு தொந்தரவு கொடுக்கவில்லை. கம்பம் ஓர் ஓட்டை கீழே இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முழங்காலுக்கு மேல் நனைந்துபோய், தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் நின்றார். பலகை கண்ணுக்கு நேரே இருந்தது. பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

மேலே ஐந்தாவது குழு டேப்பை இறக்கியது. குண்டு அவர் தோளை ஒட்டி இறங்கித் தண்ணீரைத் தொட்டு நின்றது.

"ஒன்னு அம்பத்திரண்டு," என்று டேப்பைப் பார்க்காமலே பாலத்தில் பாதிப் பேர் கத்தினார்கள். ஒருவன் விசில்கூட அடித்துவிட்டான்.

"இருங்க," என்றது மகளின் குரல்.

டேப் மேலே போனது. மறுபடி இறங்கியது. குண்டு தொட்டது. மறுபடி போனது, மறுபடி வந்தது.

"அம்பத்திரண்டுதாண்டி, எழுது. காலையிலயும் அதான வந்துச்சு," என்றாள் நெட்டை. "எல்லாரும் அதைத்தான சொல்றாங்க."

"காலையில வந்தது காலையில. இப்ப நாலு அறுபத்தொன்பது வருது. மூணு தடவையும் அதான் வருது." கொஞ்சமும் தயங்காமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஒன்னு அம்பத்தொன்னு சார்."

மேலே முணுமுணுப்பு எழுந்தது. ஒரு செண்டிமீட்டருக்கு என்ன வாதாட்டம், கிடக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். இன்ஜினியர் அம்மா கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே கேட்டார்.

"பலகையில என்ன காட்டுது, அளவுக்காரரே?"

காலையிலிருந்து ஆறு ஒரு செண்டிமீட்டர் இறங்கியிருந்தது. அவர் மறுபடி ஒருமுறை கோட்டை உற்றுப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். வெயிலில் கண் கூசியது, மகள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"அவ சொன்னதுதான், மேடம்," என்றார்.